பதினாலு தையல்

"உங்கடை இலக்கம் எப்பவோ போயிட்டுது... இனி அடுத்த மாசம்தான்."

கையிலிருந்த பட்டியலைவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே சொன்னான் கொன்ஸ்ரன்ரைன். அங்கேதான் பிழை விட்டான். ஒருக்கால் நிமிர்ந்து பார்த்திருந்தால் அந்தச் சொல் வாயிலேயே நின்றிருக்கும்.

"அப்ப பொயின்ற்றிலை நிக்கிற ஆமிக்காரரிட்டையும் இதைப் போய்ச் சொல்லுங்கோ. அன்ரோனெற்றுக்கு இலக்கம் போகுது, மறிக்காதேங்கோ எண்டு!"

நிமிர்ந்தான்.

ஐப்பசி மழையில் தெப்பமாக நனைந்து நின்றாள் ஒருத்தி. நெற்றியில் ஒட்டிய மயிர், கையில் பிளாஸ்ரிக் பை, அதற்குள் செருப்பு. கண்கள்தான்... ஐயோ, அந்தக் கண்கள்! அழுதுவிட்டு வந்த கண்களா, அடிக்க வந்த கண்களா என்று அவனுக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் என்பது பிறகு தெரிந்தது.

"எங்கையிருந்து வாறீங்கள்?"

"நானாட்டானிலையிருந்து. விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டனான். பாலத்தடியிலை மூண்டு மணித்தியாலம் இருத்தி வைச்சவங்கள். கோவிச்சால் அவங்களோடை கோவிக்கோணும்... ஏலாது. அதாலை உங்களோடை கோவிக்கிறன்."

கொன்ஸ்ரன்ரைனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கதை கந்தலாகிவிடும் என்று அடக்கிக்கொண்டு, பட்டியலின் கடைசியில் அவள் பெயரை எழுதினான்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அது. மாதத்தின் முதற் சனிக்கிழமைகளில் கீரிக் கிராமத்துக் கோவில் மண்டபத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெண் டொக்டர் வருவார். எரிகாயத் தழும்பு, ஷெல் காயத் தழும்பு, ஒப்பரேசன் தழும்பு... சண்டை எழுதிவிட்டுப் போனதை எல்லாம் கொஞ்சமாவது அழிக்கப் பார்ப்பார். அவருக்குச் சிங்களமும் இங்கிலீசும்தான். சனங்களுக்குத் தமிழ்தான். நடுவில் ஒரு வாய் வேண்டும். மூன்று வருஷம் சிலாபத்தில் உறவினரோடு கடலுக்குப் போய்ச் சிங்களம் படித்த கொன்ஸ்ரன்ரைன்தான் அந்த வாய். சம்பளம் ஒரு சதம் இல்லை. மற்ற நாட்களில் அவன் மீன்பிடிக்காரன். அதிலும் ஊரார் பகிடி பண்ணுகிற மீன்பிடிக்காரன்... வலை கிழிந்தால் தன் கையால் பொத்தவே மாட்டான், காசு கொடுத்து இன்னொருவனைக் கொண்டு பொத்துவிப்பான். ஏன் என்று கேட்டால் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவான்.

மண்டபத்து மூலையில் பச்சைச் சீலையால் ஒரு மறைப்பு. உள்ளே டொக்டரும் நோயாளியும், துணைக்கு சிஸ்ரர் றோஸ்மேரியும். வெளியே, மறைப்புக்கு முதுகைக் காட்டியபடி ஒரு கதிரையில் கொன்ஸ்ரன்ரைன். அவனுக்கு அங்கே கண் இல்லை, காதும் வாயும் மட்டும்தான்.

கடைசி ஆளாக அன்ரோனெற் உள்ளே போனாள். பிறகு டொக்டர் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார்.

"வயிற்றின் வலப்பக்கம். ஒரு சாணுக்கு மேல் நீளம். தடித்து, காயத்தின் எல்லையையும் தாண்டி வளர்ந்திருக்கிறது. எப்போது நடந்தது என்று கேள்."

கேட்டான்.

"தொண்ணூறிலை. ஷெல் துண்டு கிழிச்சது. எனக்கு அப்ப பதினேழு வயசு."

"எந்த ஆஸ்பத்திரியில் தைத்தார்கள்?"

"ஆஸ்பத்திரியோ!" மறைப்புக்குள்ளிருந்து ஒரு கசந்த சிரிப்பு. "இலுப்பைக்கடவைப் பக்கம் ஒரு கோவிலுக்குள்ளை. இந்தியாவுக்குப் போற வள்ளத்துக்காகச் சனம் காத்துக்கொண்டு நிண்டது. அதுக்குள்ளைதான் விழுந்தது."

கொன்ஸ்ரன்ரைனின் கையிலிருந்த பென்சில் நிலத்தில் உருண்டது. அவன் அதை எடுக்கவில்லை.

"இது வைத்தியம் படித்தவர்கள் போடுகிற தையலே இல்லை. தடித்த நூலின் தடம். வலை பொத்துவதுபோல் பொத்தியிருக்கிறார்கள். யார் செய்தது?" என்றார் டொக்டர்.

கதிரையில் முன்னால் சரிந்து கேட்டான். "ஆர்... ஆர் தைச்சதாம்?"

"ஆருக்குத் தெரியும்? ஆரோ மீன்பிடிப் பெடியனாம். சிஸ்ரர் ஒராள் பிடிச்சுத் தைப்பிச்சவவாம், அவவும் செத்துப்போனா. நான் சட்டை தைச்சுச் சீவிக்கிறவள். ஒரு கிழிஞ்ச சாக்கைக்கூட ஒருத்தரும் இப்பிடித் தைக்கமாட்டினம். அவன்ரை கையை முறிக்கோணும்!"

"என்ன சொல்கிறாள்?" என்றார் டொக்டர்.

"தைத்தவனின் கையை முறிக்கவேண்டுமாம், நோனா."

ஒரு சொல்லையும் அவன் குறைக்கவில்லை.

எப்படிக் குறைப்பான்? அந்தக் கை அவன் மடியில்தான் கிடந்தது. அவனுக்கு அன்று இருபது வயது; வலையோடு அவனும் அதே கோவிலுக்குள் நின்றான். தைக்கவேண்டிய சிஸ்ரரின் வலது கையிலும் ஷெல் துண்டு பட்டு இரத்தம் ஒழுகியது. "தம்பி, நீ வலை பொத்துறனிதானே? தோலை மூடினால் போதும். தை!" என்றார். தைக்கிற நூலுக்கு எங்கே போவது? வலைக்கு வைத்திருந்த தங்கூசி நைலோன் நூலைக் கொதிதண்ணீரில் போட்டெடுத்தார்கள். பெண்ணின் முகத்தைச் சீலையால் மூடியிருந்தார்கள். தைத்து முடித்த கையோடு உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெயர் தெரியாது. ஊர் தெரியாது. பிழைத்தாளா, செத்தாளா... அதுவும் தெரியாது. எட்டு வருஷமாக ஒவ்வொரு செபமாலையிலும் பெயரில்லாத அந்த ஒருத்திக்கும் ஒரு மணி உருட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு ஊசியும் நூலும் தொட்டதில்லை.

உயிரோடு இருக்கிறாள்! அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறாள். தன்னை ஏசுகிறாள். கொன்ஸ்ரன்ரைனுக்குச் சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

"இதை வெட்டி எறிஞ்சுபோட்டு வடிவாத் தைச்சுத் தரச் சொல்லுங்கோ" என்றாள் அவள். "போற வாற நேரமெல்லாம் பொம்பிளை ஆமி சட்டையைத் தூக்கிப் பாக்கிறாள். பாத்திட்டு, நீ இயக்கமோ எண்டு கேக்கிறாள். பேசின கலியாணமும் குழம்பிப்போச்சு. மாப்பிளையின்ரை தாய், இந்த வயித்திலை பிள்ளை தங்குமோ எண்டு கேட்டவ..."

அவன் சொன்னான். டொக்டர் ஆறுதலாக விளக்கினார். அவனும் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான்.

"உள்ளுக்கை ஒண்டும் பழுதில்லையாம். தோலும் சதையும்தானாம். பிள்ளை பெறுறதுக்கு ஒரு தடையும் இல்லையாம்... வடிவாக் கேட்டீங்களோ? ஒரு தடையும் இல்லையாம். ஆனால் இப்ப வெட்டக்கூடாதாம். இது வளர்ற தழும்பு. சும்மா வெட்டித் தைச்சால் முந்தினதிலும் பெரிசா வளருமாம். முதலிலை மாசத்துக்கு ஒருக்கால் தழும்புக்குள்ளை ஊசி போடுவாவாம். நோகும். சிலிக்கன் எண்டு கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு தாள் தருவா. ஒரு நாளிலை பன்ரண்டு மணித்தியாலம் ஒட்டி வைச்சிருக்கோணும், கழுவிக் கழுவிப் பாவிக்கலாம். மேலாலை இறுக்கமா ஒரு பட்டி கட்டோணும். ஆறேழு மாசத்திலை தடிப்புக் குறையும், கடியும் சொறிவும் நிண்டுபோம். முழுக்க அழியாது. அழியும் எண்டு சொன்னால் அது பொய்யாம்."



"நோகட்டும்" என்றாள் அன்ரோனெற். "போடச் சொல்லுங்கோ."

ஊசி இறங்கியபோது அவள் சத்தம் போடவில்லை. கதிரையில் இருந்தவன்தான் கண்களை மூடிக்கொண்டான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. அடுத்த மாதம் சொல்லுவோம் என்று நினைத்தான். அடுத்த மாதம் அவள் மண்டப வாசலில் நின்று, "இண்டைக்கு நேரத்தோடை வந்திட்டன், வாத்தியார்! இலக்கம் ஒண்டு போடுங்கோ" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டபிறகு ஆருக்கு வாய் வரும்?

"நான் வாத்தியார் இல்லை. கடலுக்குப் போறனான்."

"கடலுக்குப் போறவருக்கு என்னத்துக்கு இவ்வளவு ஒழுங்கான கையெழுத்து?"

"உங்கடை பேரை மட்டும்தான் ஒழுங்கா எழுதினனான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அவள் முகம் சிவந்து, அவசரமாகத் தன் குடையை விரித்தாள். மண்டபத்துக்குள்ளேயே! சிஸ்ரர் றோஸ்மேரி ஒன்றும் காணாதவர்போல் அப்பால் போனார்.

மார்கழியில் அவனுக்கு ஒரு சேட் தைத்துக்கொண்டு வந்தாள். "அளவு எப்பிடித் தெரியும்?" என்றான். "மறைப்புக்கு வெளியிலை முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறீங்கள். முதுகைத்தானே மாசாமாசம் பாக்கிறன்... கண்ணளவு போதும்" என்றாள். அந்தச் சேட்டை அவன் போடவில்லை. போடத் தகுதியில்லை என்று பெட்டிக்குள் வைத்தான். காதல் முற்ற முற்றக் களவும் முற்றுகிறது என்று அவனுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. தையற்காரன் தான்தான் என்று சொன்னால் இந்தச் சிரிப்புப் போய்விடும். சொல்லாமல் விட்டால் இந்தச் சிரிப்பே களவெடுத்ததாகிவிடும்... இரண்டுக்கும் நடுவில் கிடந்து அவிந்தான் பாவி.

தை மாதத்து முதற் சனி. காலபோக நெல்லுக்கான கடைசி மழை பிடித்துக்கொண்டது. கிளினிக் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். பஸ் வரவில்லை. மண்டபத்துத் தாழ்வாரத்தில் அவளும் அவனும், நடுவில் ஒரு மர வாங்கு.

"டொக்டர் என்ரை பட்டியைப் பாத்திட்டுச் சிரிச்சவ, கேட்டீங்களே? கடையிலை வாங்கினதிலும் திறமாம். நானே தைச்சது."

"கேட்டனான்."

"ஒரு விசயம் சொல்லட்டே? தடிப்புக் குறையக் குறைய அடியிலை தையல் தடம் ஒவ்வொண்டாத் தெரியுது. குளிக்கேக்கை எண்ணிப் பாத்தனான். பதினாலு. முதல் நாலும் நேர்... ஒழுங்கா, ஒரே இடைவெளியிலை. அஞ்சாவதிலையிருந்து எல்லாம் கோணல். நானும் ஊசி பிடிக்கிறவள்தானே? நாலு தையல் நேராப் போட்டவனுக்கு அஞ்சாவதிலை என்ன வந்தது எண்டு யோசிச்சுக்கொண்டே இருக்கிறன்."

மழை இரைந்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி ஒருநாளும் சொல்லமாட்டோம் என்று கொன்ஸ்ரன்ரைனுக்குத் தெரிந்தது.

"அஞ்சாவதிலை நீங்கள் 'அம்மா' எண்டு கத்தினீங்கள்."

அவள் திரும்பினாள்.

"அதுமட்டும் நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டு நினைச்சுத்தான் தைச்சனான்" என்றான். "அசையேல்லை, முனகேல்லை. செத்த பிள்ளையைத் திறந்தபடி தாய்தேப்பனுக்குக் குடுக்கக்கூடாது எண்டுதான் சிஸ்ரர் தைக்கச் சொல்லுறா எண்டு நினைச்சன். அதாலை கை நடுங்கேல்லை. நீங்கள் கத்தினவுடனைதான்... உசிர் இருக்கெண்டு தெரிஞ்சவுடனைதான்... அன்ரோனெற், அதுக்குப் பிறகு என்ரை கை என்ரை சொல்லைக் கேக்கேல்லை."

அந்தப் பெரிய கண்களில் நீர் நிறைந்து நின்றது, விழவில்லை.

"நாலு மாசம்" என்றாள். "நாலு மாசம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறீங்கள்."

"கையை முறிக்கோணும் எண்டனீங்கள்..."

"அதுக்காக ஒளிச்சிருந்தனீங்களோ? என்ரை வயித்தைப் பற்றி, எனக்குப் பேசின கலியாணத்தைப் பற்றி, அந்த மனுசி கேட்ட கேள்வியைப் பற்றி... ஒரு அந்நியன் கேக்கிறார், கேட்டிட்டு மறந்துபோவார் எண்டு நினைச்சுத்தான் வாய் திறந்தனான். நீங்கள் அந்நியன் இல்லை. ஒரு தாயும் காணாத கோலத்திலை என்னைக் கண்ட ஆள். அதைச் சொல்லாமல் என்னோடை பகிடி விட்டுக்கொண்டு இருந்தனீங்கள். தையல் கோணினதுக்கு நான் கோவிக்கேல்லை. இதுக்குக் கோவிக்கிறன்."

பஸ் வந்தது. குடையை விரிக்காமலே மழைக்குள் இறங்கி ஓடினாள்.

மாசியில் அவள் வரவில்லை. சிலிக்கன் தாள் வாங்கத் தாய் பெற்றிசியா வந்தாள். "மகள் இனி வரமாட்டாளாம் தம்பி" என்றாள். கோபம் ஒருபக்கம். காயம் எப்படி வந்தது என்று எழுத்தில் கொண்டுவராவிட்டால் இனிப் பாலம் கடக்கவேண்டாம் என்று சாவடியில் சொல்லிவிட்டதும் ஒருபக்கமாம். எழுத்துக்கு எங்கே போவது? தைப்பித்த சிஸ்ரர் இல்லை. பதிவு இல்லை. பெற்றிசியாகூட அன்றைக்கு நோயாளிக் கணவனோடு நானாட்டானில் நின்றவள். அன்றைய சனம் திக்குத்திக்காய்ப் போய்விட்டது; கைக்கெட்டிய சாட்சி ஒரே ஒருவன்தான்.

தாயை மண்டபத்தில் இருத்திவிட்டு, அந்த ஒருவன் நேரே சமாதான நீதவான் சிவசுப்பிரமணியம் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தான். மனிதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இந்தச் சத்தியக்கடதாசியிலை நீர் கையெழுத்து வைச்சால், 'இவளைத் தைச்சனி, வேறை ஆர் ஆரைத் தைச்சனி?' எண்டு அவங்கள் கேப்பாங்கள். யோசிச்சுத்தான் வைக்கிறீரோ?"

"ஓம் ஐயா. எட்டு வருஷம் யோசிச்சிட்டன்."

திகதி, இடம், காயம், பதினாலு தையல், தங்கூசி... எல்லாம் எழுதினார். 'சம்பந்தப்பட்டவருக்கும் உமக்கும் உறவு?' என்ற இடம் வந்தது. கொன்ஸ்ரன்ரைன் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒரு உறவும் இல்லை எண்டு போடுங்கோ ஐயா" என்றான்.

கடதாசியை வாங்கிய பெற்றிசியா முதலில் ஒன்றும் விளங்காமல் நின்றாள். விளங்கியதும் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக் கொஞ்சினாள். "என்ரை பிள்ளையை எனக்குத் திருப்பித் தந்த கை ராசா..." என்று வாய்விட்டு அழுதாள். அவன் கைகளை இழுக்கப் பார்த்தான், அவள் விடவில்லை.

சிவசுப்பிரமணியம் சொன்னது பலித்தது. திரும்பும் வழியில் பெற்றிசியா சாவடியில் கடதாசியைக் காட்ட, அடுத்த கிழமையே விசாரணை என்று ஆமிக்காரர் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று நாள். கேட்ட கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். ஒருத்தியைத்தான் தைத்தேன் என்றான். மூன்று நாளும் அதையே சொன்னான். உண்மை ஒன்றுதான் என்பதால் மாறவில்லை. விட்டுவிட்டார்கள்.

பங்குனி முதற் சனி. அன்ரோனெற்றின் பெயரைப் பட்டியலில் எழுதுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டு நின்றவனைக் கடந்து, குனிந்த தலை நிமிராமல், அவள் மறைப்புக்குள் போனாள். அவன் போய்க் கதிரையில் இருந்தான்.

"நன்றாகத் தட்டையாகியிருக்கிறது. இனி விரும்பினால் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய், அகலமான பகுதியை வெட்டி நேராகத் தைத்துவிடலாம். தொடர்ந்து ஊசியும் போட்டால் திரும்ப வளருகிற பயம் குறைவு. சம்மதமா என்று கேள்."

"இப்ப வெட்டலாமாம்" என்றான். "கொழும்பிலை. வடிவா, நேராத் தைச்சு விடுவினமாம். சம்மதமோ எண்டு கேக்கிறா."

வந்த பதில் டொக்டருக்கானதாக இருக்கவில்லை.

"மூண்டு நாள் உள்ளுக்கை வைச்சிருந்தவங்களாமே... அடிச்சவங்களோ?"

"இல்லை."

"பொய்."

"ரெண்டு அடிதான்."

உள்ளே ஒரு விம்மல்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் டொக்டர்.

கொன்ஸ்ரன்ரைன் மொழிபெயர்க்குமுன் அன்ரோனெற் தொடர்ந்தாள். "காலமை பொயின்ற்றிலை உங்கடை கடதாசியைக் குடுத்தனான். பொம்பிளை ஆமி தமிழ் தெரிஞ்ச ஒருத்தனைக் கூப்பிட்டு வாசிப்பிச்சவள். வாசிச்சிட்டு, 'ஒரு உறவும் இல்லாதவன் ஏன் உனக்காக அடி வாங்கினவன்?' எண்டு கேட்டாள். என்னட்டைப் பதில் இல்லை. அதாலை... கட்டப்போறவர் எண்டு சொல்லிப்போட்டன். கொப்பியிலை எழுதிக்கொண்டாள். ஆமிக்குப் பொய் சொன்னால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே... இனி உங்கடை விருப்பம்."

கொன்ஸ்ரன்ரைன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"டொக்டருக்குச் சொல்லுங்கோ, வெட்டவேண்டாம். கடி போயிட்டுது, நோ போயிட்டுது, எனக்குக் காணும், அது போதும். நான் செத்துப்போனன் எண்டு நினைச்சுத் தைச்சது நாலு. நான் இருக்கிறன் எண்டு தெரிஞ்சு, பயந்து, நடுங்கித் தைச்சது பத்து. அந்தக் கோணல் பத்தையும் நான் ஒருத்தருக்கும் வெட்டக் குடுக்கமாட்டன்."

"இவ்வளவு நேரமாக என்னதான் சொல்கிறாள் இந்தப் பிள்ளை?" டொக்டரின் குரலில் பொறுமை போய்விட்டது.

"வெட்ட வேண்டாமாம், நோனா" என்றான் சிங்களத்தில். குரல் உடைந்து அழுகையாக வந்தது. பிறகு கதிரையை விட்டு எழுந்து, மறைப்பைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னான்.

"எட்டு வருஷமா ஆண்டவரிட்டை நான் கேட்டது ஒண்டுதான். அந்தப் பிள்ளை எங்கையாவது உசிரோடை இருந்தால் காணும் எண்டு. இப்ப எனக்கு அது காணாது, அன்ரோனெற். என்னோடை இருக்கோணும். உங்களிலை எனக்கு உசிர். என்னைக் கட்டுவீங்களோ?"

சீலைக்குப் பின்னால் சிஸ்ரர் றோஸ்மேரி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சட்டையைச் சரிசெய்யும் சரசரப்புக் கேட்டது. பிறகு மறைப்பு ஒருபக்கம் விலகியது. கண்ணீரும் சிரிப்புமாக அவள் நின்றாள்.

"ஓம்" என்றாள்.